கிழக்கே நட்ட கம்பம்

மக்களே, போன வாரம் என் லோடு ஆட்டோவைத் தோவாளைப் பூச்சந்தை முன்னால் நடுரோட்டில் நிறுத்தி, உங்களையும் அங்கேயே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். வண்டி சரியாகிவிட்டது. கிளட்ச் கம்பி அறுந்திருந்தது, வேறொன்றும் இல்லை. இந்த வாரம் அதே வண்டியில் ஏறி ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். பள்ளிக்கூட வாசலில் இறக்கி விடுகிறேன். இறங்கும்போது கண்ணை இடுக்கிக்கொள்ளுங்கள். இது காற்றுக்காலம்.

பெல் அடித்து, பிள்ளைகள் எல்லாம் கலைந்து, கேட்டுப் பக்கம் ஐஸ் விற்கிறவர்கூடப் போய்விட்டார். நான் மட்டும் நிற்கிறேன். நிற்கிறேன் என்று சொன்னால் பொய். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். சாவியைப் போடுகிறேன், எடுக்கிறேன். வண்டியின் பின்னால் பிச்சிப்பூக் கூடைகள், மேலே ஈரச் சாக்கு. மொட்டு விரிவதற்குள் வீட்டில் இறக்கியாக வேண்டும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. காத்திருக்கவோ சுத்தமாகத் தெரியாது.

அப்போது மதிலுக்கு மேலாக ஒரு காகிதக் கப் பறந்து வந்தது. டீ குடிக்கிற கப். என் வண்டிக் கண்ணாடியில் டப்பென்று அடித்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அடுத்தது என்னைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் கத்திச் சிரிக்கிற சத்தம். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரிப்பன் அவிழ்ந்து, முடியெல்லாம் முகத்தில். எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் அஜிதா.

"அப்பா, அந்தக் கப்பப் பிடிங்கப்பா!"

"எதுக்குட்டி? டீ குடிக்கவா?"

"காத்த அளக்கதுக்கு!"

கண்ணாடியில் ஒட்டியிருந்த கப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. காற்றை எதற்கு அளக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அது இருக்கிறது, அடிக்கிறது, ஆவணி முடிந்தால் போய்விடும். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பிடிக்கிற கையும் எழுதுகிற கையும்

அந்த மாலை வகுப்பை ஆரம்பித்தது ஜெசி டீச்சர். எங்கள் ஊர்க்காரிதான். அறிவியல் எடுக்கிறவர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் அறிவியல் வட்டம். பையன்களுக்கு ஏன் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோது, டீச்சர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

"வகுப்புல நான் பாக்கேனே அண்ணாச்சி. சோதனை செய்யச் சொன்னா, குடுவையப் பிடிக்கது பையன்மாரு. பக்கத்துல இருந்து அழகா எழுதி, படம் வரஞ்சு, கலரும் கொடுக்கது பொம்பளப்பிள்ளைக. எல்லாம் முடிஞ்ச பெறவு கழுவி வைக்கதும் அதுகதான். குடுவை சூடா இருக்கா, குளிரா இருக்கான்னே அதுகளுக்குத் தெரியாது."

கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. இன்றைக்கு எழுதியவள் நாளைக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது டீச்சர்" என்று சொன்னால் ஸ்குரூடிரைவர் அவள் கைக்கே வரும். அதனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அஜிதா முதல் நாள் உள்ளங்கையில் ஒரு கீறலோடு வந்தாள். அதை வீடெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

சுகந்தி சொன்ன சொல்

எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். என் மனைவி சுகந்திக்கு இது பிடிக்கவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் பூ. நான் கொண்டு வருகிற மொட்டை வாழைநாரில் கட்டி, மறுநாள் வெளுக்கிற நேரத்துக்குச் சந்தையில் சேர்க்க வேண்டும். சுகந்தியின் விரல் ஓடுவதைப் பார்த்தால் உங்களுக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு அடுத்தபடி அந்த வேகம் அஜிதாவுக்குத்தான். அந்த இரண்டு கை இல்லையென்றால் பூ நேரத்துக்கு முடியாது.

"இஞ்ச பாருங்க," என்றாள் என்னிடம். "படிக்கட்டும், வேண்டாங்கல. படிச்சு முடிச்ச பெறவும் அங்க என்ன இருப்பு? காத்துக்காலத்துல இருட்டுக்குள்ள வந்து நிக்குகா. இங்க நான் ஒத்தையில கெடந்து இழுக்கேன்."

"ஜில்லா அறிவியல் கண்காட்சி வருதும்மா," என்றாள் அஜிதா. "அது வரைக்கும்."

சுகந்தி நார் நனைக்கிற தண்ணீரில் கையை விட்டபடி யோசித்தாள்.

"சரி. கண்காட்சி வரைக்கும் போ. அதுல உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டு. இல்லேண்ணா மறுநாளு பெல் அடிச்சதும் நேரா வீடு. பெறவு வட்டமும் வேண்டாம் சதுரமும் வேண்டாம். கேட்டியா?"

"கேட்டேன்."

"நீங்களும் கேட்டியளா?"

நானும் கேட்டேன். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். அஜிதாவின் தோழி பெனிலாவையும் வீட்டில் இதே தவணை சொல்லித்தான் அனுப்புகிறார்களாம். "ஒருத்திய நிப்பாட்டினா அடுத்தவளயும் நிப்பாட்டுவாவ அண்ணே. பெறவு அந்த அறையில நானும் நாற்காலியும்தான் இருப்போம்."

ரோட்டை அடைத்த இறக்கை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நான் இளவட்டமாக இருந்த காலம். எங்கள் ஊருக்குப் பெரிய பெரிய காற்றாலைகள் வரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் நீளமான லாரியில் ஓர் இறக்கையைக் கொண்டு வந்தார்கள். வளைவில் வண்டி திரும்பவில்லை. முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் கடையை விட்டு வந்தார்கள். ஊரே நின்று பார்த்தது. வெள்ளை வெளேர் என்று, தொட்டால் வழுக்குகிற மாதிரி. வெயிலில் கிடந்தும் அது சுடவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன்.

என் தங்கச்சி விஜயா கூட வந்திருந்தாள். அவள் எல்லோரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டாள்: "ஏன் மூணு இறக்கை? ரெண்டு போதாதா? நாலு வச்சா இன்னும் வேகமா சுத்தாதா?"

லாரிக்காரரிடம் கேட்டாள். அவர் பீடி பற்றவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவிடம் கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு அது? போய்த் தண்ணி கோரி வை," என்றார்.

கிணற்றில் தண்ணீர் கோரப் போனாள். இப்போது அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். அங்கே மரம் கூடிக்கூடி நிற்பதால் காற்று கீழே இறங்காது. ஆனாலும் போன் பேசும்போது எப்போதாவது கேட்பாள், "அண்ணே, அது ஏன் மூணுண்ணு தெரிஞ்சுதா?" தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

சிரட்டை சுற்றுகிறது

காகிதக் கப் காற்றுக்கு நிற்காது என்று ஆனபிறகு, பிளாஸ்டிக் கப் பார்த்தார்கள். அது உடைந்தது. ஒருநாள் அஜிதா வீட்டுக்கு வந்து நேராக அடுக்களைக்குள் போனாள். சுகந்தி தேங்காய் துருவிப் போட்டிருந்த சிரட்டைகளை எடுத்து, வாய் அளவு ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தாள்.

"அடுப்பெரிக்க வச்சிருக்கது அது!" என்றாள் சுகந்தி.

"ஒண்ணுபோல நாலு மட்டும்மா."

குறுக்கே வைத்த இரண்டு மரச்சட்டத்தின் நுனிகளில் சிரட்டைகளை ஸ்குரூ போட்டு முறுக்கினார்கள். பழைய சைக்கிள் சக்கரத்தின் நடு உருளையை நான் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதன்மேல் சட்டத்தைப் பொருத்தினார்கள். காற்று சிரட்டையின் வாய்க்குள் புகுந்து தள்ளும், சட்டம் சுற்றும். ஒரு சிரட்டைக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட். சிவப்பு எத்தனை தடவை கண்முன்னால் வருகிறது என்று ஒருத்தி எண்ணுவாள், இன்னொருத்தி கடிகாரம் பார்ப்பாள். இவ்வளவுதான் கருவி.

கம்பம் நடுகிற அன்றைக்கு எல்லோரும் இருந்தோம். டீச்சர், பெனிலா, அஜிதா, மற்ற பிள்ளைகள், கடப்பாரையோடு நான். காற்று வாயைத் திறக்க விடவில்லை. மண் பல்லில் கடிபட்டது. எங்கே நடலாம் என்று ஒரு பேச்சே வரவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடக் கட்டிடத்தைச் சுற்றிக் கிழக்கே போனோம். குழாயடிப் பக்கம். அங்கே நின்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. முடியைச் சரி செய்துகொண்டார்கள். நான் குழி தோண்டினேன்.

அப்புறம் தினமும் அளந்தார்கள். சிரட்டை சுற்றியது. மெதுவாக, யோசித்து யோசித்துச் சுற்றியது. சில நேரம் நின்று, திரும்பவும் கிளம்பியது. எழுதினார்கள். பெரிய சார்ட்டில் கோடு வரைந்தார்கள். ஓர் எண் கிடைத்துவிட்டால் மனுசனுக்கு எவ்வளவு நிம்மதி! அது சரியான எண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

கண்காட்சியில்

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய அறை. அங்கே காற்றே இல்லை. மேலே ஃபேன் சுற்றியும் எனக்கு வேர்த்தது. கருவியைக் கம்பத்தோடு பிடுங்கி வண்டியின் பின்னால் நிமிர்த்திக் கட்டி, கட்டு அவிழாமல் சாக்கால் பொதிந்து கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் அதை மேசையில் வைத்துச் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். பெற்றோர் சுவர் ஓரமாக நிற்க வேண்டும் என்றார்கள். நான் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன்.

பரிசு தீர்மானிக்க வந்த அம்மா கன்னியாகுமரிக்காரர். நல்ல கண்ணாடி, நல்ல சிரிப்பு. சிரட்டையைக் கையால் தட்டிச் சுற்றிவிட்டார். "அருமையா செஞ்சிருக்கிய மக்கா!" என்றார். என் நெஞ்சு நிறைந்தது. பிறகு சார்ட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"எங்க வச்சு அளந்தது?"

"ஆரல்வாய்மொழி, மேடம்," என்றாள் அஜிதா.

"எப்ப?"

"இப்பதான் மேடம். ஆடியில."

"ஆரல்வாய்மொழியில ஆடி மாசத்துல இவ்வளவுதான் காத்தா? எங்க வீட்டு மொட்டமாடியிலயே இதவிடக் கூட அடிக்குமே பிள்ளே. ரயில்ல உங்க ஊரத் தாண்டும்போது நாங்க சன்னல அடைக்கோம்!"

பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ, "காத்தாலக்காரங்க கேட்டா மூட்டையக் கெட்டிட்டுப் போயிருவாவ," என்றார்கள். இன்னும் சிரிப்பு. அந்த அம்மா, "எங்கயோ ஒரு தப்பு இருக்கு. அது என்னண்ணு கண்டுபிடிங்க," என்று சொல்லி அஜிதாவின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பெனிலா அழுதுவிட்டாள். டீச்சர் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அஜிதா அழவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அவள் நினைத்தது பரிசை அல்ல. நாளைக்குச் சாயங்காலம் பெல் அடித்ததும் என்ன நடக்கும் என்பதை. எனக்கும் அதுதான்.

வண்டி நின்றது, அது நிற்கவில்லை

திரும்பும்போது டீச்சர் மற்ற பிள்ளைகளோடு பஸ்ஸில் போனார். அஜிதாவும் பெனிலாவும் என்னோடு முன்னால் ஏறிக்கொண்டார்கள். நான் கருவியை ஒழுங்காகப் பொதியாமல், பின்னால் கம்பத்தோடு நிமிர்த்தி ஒரு கயிறு மட்டும் போட்டிருந்தேன். மனசு சரியில்லாதபோது கை அப்படித்தான் வேலை செய்யும்.

தோவாளை தாண்டியதும் காற்று பிடித்தது. வண்டி ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனது. பின்னால் என்னமோ கடகடவென்று சத்தம். கயிறு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, வெட்டவெளியில் ரோட்டோரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். சிரட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றியது என்று சொன்னால் போதாது. நான்கும் தனித்தனியாகத் தெரியவில்லை. காற்றில் ஒரு வட்டம்தான் தெரிந்தது. சிவப்புச் சிரட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கம்பம் நடுங்கி, அதோடு வண்டியும் நடுங்கியது. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அப்பா," என்றாள் அஜிதா. அந்தக் காற்றில் கத்தித்தான் பேச வேண்டும். "வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"அப்பம் இது ஏன் சுத்துது?"

"காத்தடிக்குல்லா?"

"பள்ளிக்கூடத்துலயும் காத்தடிச்சுதே!" அவள் சிரட்டையையும் காற்றாலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நாம கம்பத்த எங்க நட்டோம்?"

"குழாயடியில. கிழக்க."

"ஏன் அங்கன நட்டோம்?"

"அங்கனதானே மனுசன் நிக்க முடியும்?"

சொன்னபிறகுதான் எனக்கே கேட்டது. பெனிலா வாயில் கையை வைத்தாள். அஜிதா சிரிக்க ஆரம்பித்தாள். ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காத்து இல்லாத எடமா பாத்து வச்சு காத்த அளந்திருக்கோம்ப்பா!"

கிழக்குப் பக்கத்து வீடு

வீட்டில் சிரிப்பு இல்லை. சுகந்தி கேட்டாள், பரிசு இல்லை என்று தெரிந்துகொண்டாள், தலையாட்டினாள். கோபம்கூட இல்லை. "சரி. போட்டும். நாளைக்கி நேரா வந்துரு," என்றாள். அஜிதா கை கழுவிவிட்டுப் பூவின் முன்னால் உட்கார்ந்தாள். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன்.

"ஒரு எடத்துல இருங்களேன்," என்றாள் சுகந்தி. "தலை சுத்துது."

மேற்குச் சன்னலின் பலகை அடித்துக்கொண்டே இருந்தது. காற்று மேற்கேயிருந்துதான் வரும், அதனால் ஆடி பிறந்தால் நாங்கள் அதைத் திறப்பதில்லை. அஜிதாவின் விரல் மொட்டைக் கட்டியது, கண் சன்னலைப் பார்த்தது.

"அம்மா, நீ துணி எங்க காயப் போடுவ?"

"என்ன கேள்விட்டி இது? கிழக்க."

"வெளி அடுப்பு?"

"கிழக்க."

"பூவ ஏன் இங்கன இருந்து கெட்டுகோம்?"

"மேக்க இருந்து கெட்டுனா பூவ பணகுடியில போயில்லா பெறக்கணும்!"

"நாங்களும் அங்கனதாம்மா கம்பம் நட்டோம். கிழக்க."

சுகந்தியின் விரல் நின்றது. அவள் விரல் நின்று நான் பார்த்ததில்லை. அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அப்படி ஒரு சிரிப்பு. நாரும் மொட்டும் மடியில் சிதற, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டீச்சரும் கூடவா?"

"டீச்சரும்தான். அப்பாவாக்கும் குழி தோண்டுனது."

"பின்ன, மேக்க எவளாவது எதயாவது கொண்டு வைப்பாளா? சவம், எனக்குச் சொல்லியிருந்தாலும் நானும் அங்கனதான் வச்சிருப்பேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கட்டத் தொடங்கினாள். நாலைந்து மொட்டு போயிருக்கும். திரும்பவும் நிறுத்தினாள்.

"அப்பம் உள்ளபடி எவ்வளவு அடிக்கி?"

"தெரியாது."

"தெரியாதா? இவ்வளவு நாளு இருட்டுக்குள்ள வந்து, என் சிரட்டையயும் தூக்கிட்டுப் போயி, கடைசியில தெரியாதுண்ணா சொல்லுக?"

"இனித்தாம்மா அளக்கணும். மேக்க வச்சு."

"பின்ன?"

"பின்ன என்ன, நீதானே நேரா வரச் சொன்ன?"

சுகந்தி அவளைப் பார்த்தாள். மூடிய சன்னலைப் பார்த்தாள். பலகை ஒரு அடி அடித்தது.

"தப்பா அளந்துட்டு நடுவுல விட்டுட்டு வாற ஆளு எனக்கு வேண்டாம்," என்றாள். "பூவ முடிட்டி முதல்ல."

மேற்கே

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது, முன் இருக்கையில் சுகந்தியும் இருந்தாள். பூ வாடிவிடும், உடனே போய்விட வேண்டும், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் ஏறினாள். சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர அவள் என் வண்டியில் ஏறியதில்லை.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் குழி தோண்டினேன். மண் குழியில் நிற்காமல் என் கண்ணுக்கே திரும்பி வந்தது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அஜிதாவை விட்டார்கள் என்று கேட்டு பெனிலாவையும் வீட்டில் விட்டிருந்தார்கள். டீச்சரின் குடை போன இடம் தெரியவில்லை. கம்பம் நின்றதும், பெனிலா பிடித்திருந்த கையை விட்டாள்.

சிரட்டை கிளம்பியது.

"சிவப்பப் பாரு! சிவப்ப மட்டும் பாரு!" அஜிதா கம்பத்துக்குக் கீழே குத்தவைத்து, கண்ணை இடுக்கி, உதட்டை அசைத்து எண்ணினாள். பெனிலா கடிகாரத்தைப் பிடித்திருந்தாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

சுகந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள். மேற்கே பார்த்து அப்படி நிற்கிற பெண்ணை எங்கள் ஊரில் பார்க்க முடியாது.

"எம்மாடி!" என்றாள் திடீரென்று. "இவ்வளவு வேகமா சுத்துது! எத்தனட்டி ஆச்சு?"

"அம்மா! பேசாத! எண்ணுனது விட்டுப் போச்சு!"

பிள்ளைகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வண்டிப் பக்கம் கையைக் காட்டினேன். பூ.

சுகந்தி வண்டிக்குப் போனாள். ஈரச் சாக்கை இழுத்துக் கூடைகளை மூடி, ஓரங்களைச் செருகி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். காற்றில் சாய்ந்து சாய்ந்து திரும்பி வந்து, அஜிதாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "முதல்ல இருந்து எண்ணு. நானும் எண்ணுகேன்."